டிராக்டர் ஏறும் டிரெய்லர்: எடைமேடையிலிருந்து சங்கிலி வரை

நம் ஊரில் டிராக்டர் டிரெய்லரை இழுக்கும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் டிராக்டரே டிரெய்லரில் ஏறிப் பயணம் போகிறது. பத்து இருபது ஏக்கர் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பவருக்குப் பழுது பார்க்கும் கடை நாற்பது மைல் தள்ளி இருக்கும். இடையிலுள்ள நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகள் மணிக்கு 60, 70 மைல் வேகத்தில் ஓடும். அவருடைய சிறு டிராக்டரின் உச்ச வேகம் மணிக்கு 15 மைலைத் தாண்டாது. ஆகவே பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லர், அதன் மேல் டிராக்டர்.

இந்த டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது வரிசை தப்பாமல் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலோர் கடைக்குப் போய் டிரெய்லரைப் பார்ப்பதில் தொடங்குகிறார்கள். முறையாகச் செய்பவர் டிராக்டரை எடைபோடுவதில் தொடங்கி, தன் பிக்கப்பின் கதவோரச் சீட்டைப் படித்துவிட்டு, அதன் பிறகே கடைக்குப் போகிறார். டிராக்டருக்கும் சாலைக்கும் இடையே வரும் ஒவ்வொரு பாகமும் தான் தாங்கும் எடையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. அச்சு, டயர், இணைப்பு உருண்டை, ரிசீவர், சங்கிலி எல்லாவற்றிலும் எண் உண்டு. அவற்றுள் மிகச் சிறிய எண் எதுவோ அதுதான் முழு வண்டியின் திறன். வேலை முழுவதும் அந்தச் சிறிய எண்ணைத் தேடிப் பிடிப்பதுதான்.

முதலில் டிராக்டர். 25 குதிரைத்திறன் வகுப்பைச் சேர்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜான் டியர், குபோட்டா, 1994 முதல் அமெரிக்காவில் கடை விரித்திருக்கும் நம் மஹிந்திரா என எல்லாரும் இந்த வகுப்பில் டிராக்டர் விற்கிறார்கள். 19 கிலோவாட், அதாவது சுமார் 25 குதிரைத்திறனைத் தொடும் டீசல் என்ஜின்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாவதால், அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் என்ஜின்கள் இங்கே மிகுதி. விளம்பரத் தாளில் இத்தகைய டிராக்டரின் எடை 2,700 பவுண்டு என்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு பவுண்டு 0.4536 கிலோ. ஆக 1,225 கிலோ.

இந்த எண்ணை நம்பி டிரெய்லர் வாங்கக் கூடாது. அது வெற்று டிராக்டரின் எடை. முன்னால் மாட்டிய லோடரும் அதன் பக்கெட்டும் சேர்ந்து 900 பவுண்டு. பின்னால் புதர் வெட்டும் ஐந்தடிச் சுழல்கத்திக் கருவி 550 பவுண்டு. மறைந்திருக்கும் எடை ஒன்றும் உண்டு. பிடிமானத்துக்காகவும், லோடர் தூக்கும்போது பின்பக்கம் எழும்பாமல் இருக்கவும் பின் டயர்களுக்குள் திரவம் நிரப்புவார்கள். குளிரில் உறையாதிருக்க கால்சியம் குளோரைடு கரைசலோ பீட் கிழங்குச் சாறோ பயன்படும். இவை ஒரு காலனுக்கு ஏறத்தாழ 11 பவுண்டு எடை கொண்டவை. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். ஒரு டயருக்கு 30 காலன் என்றால் 330 பவுண்டு, இரண்டு டயருக்கு 660. கூட்டிப் பார்த்தால் 4,810 பவுண்டு. கட்டும் சங்கிலிகள், இறுக்கிகள், உதிரி டயர் ஆகியவற்றுக்கு 190 சேர்த்தால் 5,000. விளம்பரத் தாளின் எண் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது.

கூட்டல் கணக்கு மட்டும் போதாது. பக்கத்துத் தானியக் கிடங்கின் எடைமேடையில் டிராக்டரைக் கருவிகளோடு ஏற்றி நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் இரவல் டிரெய்லரில் ஏற்றி, லாரிகள் நிற்கும் நிறுத்தங்களில் உள்ள 'கேட்' (CAT) எடைமேடைக்குக் கொண்டுபோகலாம். 1977-இல் தொடங்கிய இந்த எடைமேடைகளில் முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் ஆகிய மூன்றும் தனித்தனித் தட்டில் நிற்கும். மூன்று எடையும் ஒரே சீட்டில் வரும். இந்தச் சீட்டுக்குப் பின்னர் இன்னொரு வேலையும் இருக்கிறது.

எடை தெரிந்ததும் நாடா. பக்கெட்டைத் தரையில் தாழ்த்தி, அதன் விளிம்பிலிருந்து பின்கருவியின் வால்சக்கரம் வரை அளக்க வேண்டும். டிராக்டரின் உடல் எட்டு ஒன்பது அடிதான். ஆனால் லோடரும் கருவியும் சேர்ந்து மொத்தத்தை 19 அடிக்குக் கொண்டுபோய்விடும். பிறகு பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அகலம், டயர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், தரைக்கும் டிராக்டரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி. மையத் தூரம் ராம்ப் பலகைகளை வைக்க உதவும். அடிவயிற்று இடைவெளி தளத்தின் விளிம்பில் ஏறும்போது இடிக்குமா என்று சொல்லும்.

இரண்டாவது, பிக்கப். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டு இருக்கும். வண்டிக்குள் ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்லும். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் இழுவைத்திறன் எண்ணை விட இந்தச் சிறிய எண் முக்கியமானது. டிரெய்லரின் முன்முனை பிக்கப்பின் வாலில் அழுத்தும் எடையை, இனி முனை எடை என்று சொல்வோம், இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் அரை டன் வகுப்பு பிக்கப்பின் சீட்டில் 1,600 பவுண்டு என்று மட்டும் இருப்பது சாதாரணம். முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்த 1,600-தான்.

அடுத்து பம்பருக்குக் கீழே குனிந்து ரிசீவர் குழாயைப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குலச் சதுரத் துளை. அதன் மேலும் ஒரு சீட்டு. இதில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. சாதாரணமாக இணைத்தால் ஓர் எண். எடைப் பகிர்வு ஹிட்ச் போட்டு இணைத்தால் அதைவிடப் பெரிய எண். அரை டன் பிக்கப்கள் பலவற்றில் முதல் வரிசை 5,000 பவுண்டு இழுவைக்கும் 500 பவுண்டு முனை எடைக்கும் மேல் போகாது. எடைப் பகிர்வு ஹிட்ச் என்பது இரண்டு வில் கம்பிகள். அவை டிரெய்லரின் முன்னால் நீளும் நாக்குச் சட்டத்தைப் பிடித்து நெம்புகோலாக வேலை செய்து, பிக்கப்பின் பின்னச்சில் குவியும் எடையில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் டிரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளிவிடும். அதைப் போட்டாலும் முனை எடை கணக்கில் பெரும்பகுதி பிக்கப்பின் மேல்தான் இருக்கிறது.

இப்போது கடைக்குப் போகலாம். டெக்சஸின் வடகிழக்கு மூலையில் பாரிஸ், மவுண்ட் பிளசண்ட் போன்ற ஊர்கள் டிரெய்லர் செய்வதற்கே பேர் போனவை. பிஜே, பிக் டெக்ஸ் முதலிய பெயர்கள் அந்த வட்டாரத்திலிருந்து வருபவை. அங்கிருந்து நாடெங்கும் போகும் இரட்டை அச்சு டிரெய்லர்களில் நம் வேலைக்கு வருபவை இரண்டு வகை. ஒன்று 7,000 பவுண்டு, மற்றது 9,990 பவுண்டு. இவை டிரெய்லரின் சொந்த எடையும் சுமையும் சேர்ந்த மொத்த அனுமதி. டிரெய்லரின் இடது முன்பக்கத்தில் உள்ள தகட்டில் இது இருக்கும்.

9,990 என்ற விசித்திர எண்ணுக்குக் காரணம் உண்டு. அச்சுகள் ஒவ்வொன்றும் 5,200 பவுண்டு தாங்குபவை. இரண்டும் சேர்ந்தால் 10,400. ஆனால் 10,000 பவுண்டைத் தாண்டிய டிரெய்லரை இழுக்கும்போது, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி 26,001 பவுண்டை எட்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். எனவே தயாரிப்பாளர்கள் கோட்டுக்குப் பத்துப் பவுண்டு கீழே முத்திரை குத்திவிடுகிறார்கள்.

7,000 பவுண்டு டிரெய்லரின் சொந்த எடை 2,000 பவுண்டு என்றால் சுமைக்கு 5,000 மிச்சம். நம் டிராக்டரும் சங்கிலியும் சேர்ந்து சரியாக 5,000. தாளில் பொருந்துகிறது. ஆனால் பக்கெட்டில் அப்பிய ஈர மண்ணுக்கும், தளத்துப் பலகை குடித்த மழைநீருக்கும், அடுத்த ஆண்டு வாங்கப்போகும் இன்னொரு கருவிக்கும் அதில் இடமில்லை. என் தீர்ப்பு 9,990-க்கே. அதன் சொந்த எடை 2,700 பவுண்டு. சுமைக்கு 7,290 மிச்சம். டிராக்டரோடு மொத்தம் 7,700. லோடரும் பின்கருவியும் இல்லாத வெற்று டிராக்டரை மட்டும் கொண்டுபோகிறவருக்கு 7,000 தாராளம்.

முனை எடை மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். கூடினால் பிக்கப்பின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். 12 விழுக்காடு என்று வைத்தால் 924 பவுண்டு. பிக்கப்பின் 1,600-இல் இதைக் கழித்து, எடைப் பகிர்வு ஹிட்சுக்கு 90, இரண்டு ஆட்களுக்கு 380 கழித்தால் 206 பவுண்டு எஞ்சும். கருவிப்பெட்டி ஒன்றும் தண்ணீர்க் கேன் ஒன்றும் ஏறலாம். மூன்றாவது ஆள் ஏறினால் அதுவும் தீர்ந்துவிடும். இந்த மிச்சம் கழித்தலில் எதிர்மறையாக வந்தால் டிரெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த பெரிய வகுப்பான முக்கால் டன் பிக்கப் வேண்டும்.

எண்கள் பொருந்தியபின் பாகங்கள். முதலில் டிரெய்லருக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும். வண்ணம் மேலே அழகாக இருக்கும். வேலைப்பாடு கீழேதான் தெரியும்.

சட்டம் சேனல் இரும்பால் ஆனதாக இருக்க வேண்டும். ஆங்கிள் இரும்பில் செய்தவை புல்வெட்டி இயந்திரம் ஏற்றத்தான் லாயக்கு. இந்த எடைக்கு ஐந்து அல்லது ஆறு அங்குல சேனல். நாக்குச் சட்டம் முன்விளிம்பில் பற்றவைத்து நிறுத்தப்பட்டிருக்கிறதா, அல்லது ஒரே சேனல் தளத்துக்கு அடியில் பின்னோக்கி ஓடிப் பக்கச் சட்டத்தோடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது முறையில் இழுவிசை பற்றவைப்பின் மேல் மட்டும் விழாமல் சட்டத்தின் நீளமெங்கும் பரவுகிறது. குறுக்குச் சேனல்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24 அங்குலத்துக்கு ஒன்றா என்பது அடுத்த கேள்வி. டிராக்டரின் எடை பெரும்பகுதியும் பின்சக்கரங்கள் இரண்டும் மிதிக்கும் சிறு இடங்களில் குவிகிறது, ஆகவே 16. தளப் பலகை பதப்படுத்திய தென்னகப் பைன் மரம். இரண்டு அங்குலம் என்று பெயர், இழைத்தபின் மெய்யான தடிமன் ஒன்றரை அங்குலம்.

அச்சுகளைப் பார்க்கும்போது ஒரு நுட்பம் கண்ணில் படும். சுமையில்லாத அச்சுக் குழாய் நடுவில் மேல்நோக்கி மிக லேசாக வளைந்திருக்கும். அது கோணல் இல்லை. சுமை ஏறியதும் வளைவு நிமிர்ந்து சக்கரங்கள் நேராக நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரைச் சேர்ந்த டெக்ஸ்டர் நிறுவனத்தின் அச்சுகள் இந்தத் துறையில் பரவலாகக் காணப்படுபவை. அச்சு நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நாடா போதும். முன்முனையின் மையத்திலிருந்து முன்னச்சின் இடது நுனிக்கும் வலது நுனிக்கும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரெய்லர் நண்டுபோல் சாய்ந்து ஓடி டயரைத் தின்னும்.

தாங்கு அமைப்பில் இரண்டு வகை. லீஃப் ஸ்பிரிங் வகையில் முன்னச்சின் ஸ்பிரிங்குக்கும் பின்னச்சின் ஸ்பிரிங்குக்கும் நடுவே சமன்செய்யும் துலாக் கட்டை ஒன்று ஆணியில் ஆடுகிறது. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் கட்டை சாய்ந்து எடையைப் பின்சக்கரத்தோடு பகிர்ந்துகொள்ளும். மற்றது முறுக்கு அச்சு. சதுரக் குழாய்க்குள் ரப்பர்த் தண்டுகள் செருகப்பட்டு, அவற்றின் முறுக்கமே ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஓட்டம் மென்மை, தேயும் பாகமும் குறைவு. ஆனால் இரண்டு அச்சுகளுக்கும் இடையே எந்தப் பகிர்வும் இல்லை. டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் பின்னச்சு தன் பங்கைவிட அதிகம் சுமக்கும். கரடுமுரடான வயல் வழிகளில் டிராக்டர் கொண்டுபோகிறவருக்குத் துலாக் கட்டையே பொருத்தம். விலையும் குறைவு, எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம்.

டயர்களில் நிறுவனம் எண்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்குகிறது என்பது தெரியும். 7,000 பவுண்டு டிரெய்லரில் எஸ்டி205/75ஆர்15 டயர், சுமை வகை சி. 50 பிஎஸ்ஐ காற்றில் ஒவ்வொன்றும் 1,820 பவுண்டு. நான்குக்கு 7,280. 9,990 டிரெய்லரில் எஸ்டி225/75ஆர்15, சுமை வகை டி. 65 பிஎஸ்ஐயில் 2,540. நான்குக்கு 10,160. இரண்டிலும் முத்திரையைச் சற்றே தாண்டி நிற்கிறது. காற்று குறைந்தால் இந்தச் சிறு மிச்சமும் போய்விடும். ஒரு படி மேலான சுமை வகை ஈயைக் கேட்டு வாங்குவது நல்லது. 80 பிஎஸ்ஐயில் அது 2,830 பவுண்டு தாங்கும். எஸ்டி என்ற எழுத்துகள் டிரெய்லருக்கென்றே கெட்டியான பக்கச்சுவரோடு செய்த டயர் என்பதைக் குறிக்கின்றன. பக்கச்சுவரில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் நின்று வயதாகிச் சாவதே அதிகம். ஆகவே பழைய டிரெய்லர் வாங்குகிறவர் டயரின் பட்டைகளைப் பார்ப்பதற்கு முன் இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்.

பிரேக். பெரும்பாலான மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டிய டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். இது மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் பிக்கப்பில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அதற்கு மின்சாரம் அனுப்புகிறது. காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி உரசி, தன்னோடு ஒரு கையை இழுத்துச் செல்கிறது. அந்தக் கை பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. காந்தத்துக்கு 3 ஆம்பியர் அளவே மின்சாரம் போகிறது. நான்குக்கும் சேர்த்து 12. சக்கரத்தின் சொந்தச் சுழற்சியே அதை நிறுத்தும் விசையாக மாறுவது இந்த அமைப்பின் அழகு. 3,500 பவுண்டு அச்சுக்கு டிரம் 10 அங்குல விட்டம், 2¼ அங்குல அகலம். 5,200 பவுண்டு அச்சுக்கு 12 அங்குலமும் 2 அங்குலமும். விலையைக் குறைக்க ஓர் அச்சில் மட்டும் பிரேக் வைத்து விற்பதுண்டு. டிராக்டர் ஏற்றுகிறவர் இரண்டு அச்சிலும் கேட்டு வாங்க வேண்டும்.

நாக்கின் மேல் ஒரு சிறு பெட்டியில் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பிக்கப்போடு இணைகிறது. டிரெய்லர் கழன்று போனால் கம்பி ஒரு பின்னை உருவும். உடனே பேட்டரி நான்கு பிரேக்குகளையும் பிடிக்கவைக்கும். குறைந்தது 15 நிமிடம் அப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. கடையிலேயே பின்னை உருவிப் பார்த்து, டிரெய்லரை இழுத்துச் சக்கரங்கள் நிற்கின்றனவா என்று சோதிக்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முன்முனையில் கப்ளர். 7,000 பவுண்டு டிரெய்லருக்கு 2 அங்குல உருண்டை, 9,990-க்கு 2 5/16 அங்குலம். பெரிய கப்ளருக்குள் சிறிய உருண்டையும் பூட்டிக்கொள்ளும், சாலையில் முதல் பெரிய பள்ளம் வரை. உருண்டையின் தலையில் அளவும் தாங்கும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். கப்ளர் செங்குத்துச் சேனலில் வரிசைத் துளைகளோடு ஏற்றி இறக்கும்படி இருந்தால் நல்லது. டிரெய்லரைச் சமதளத்தில் மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளர் குழியின் உட்கூரை வரை அளந்து, உருண்டையின் உச்சி அதே உயரத்தில் வரும்படி தாங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துலாக் கட்டையும் முறுக்கு அச்சும் வேண்டுகிற அந்த மட்டம் இங்கேதான் அமைகிறது.

தளத்தின் நீளம் நாடா சொன்னபடி. மொத்தம் 19 அடி என்பதால் 20 அடித் தளம். அதாவது 18 அடி சமதளமும் 2 அடி சரிவான வாலும். சரிவு வால் ஏன் வேண்டும் என்பதைக் கோணம் சொல்லும். தளம் தரையிலிருந்து 24 அங்குல உயரம், ராம்ப் 5 அடி நீளம் என்றால் ஏற்றம் சுமார் 24 பாகை. வால் சரிந்து விளிம்பு 18 அங்குலத்துக்கு இறங்கினால் அதே ராம்ப் சுமார் 17 பாகைதான். முதல் ஏற்றத்தில் டிராக்டரின் பின்கருவி தரையில் இடிக்கும், ராம்ப் முடியும் இடத்தில் வயிறு தட்டும். இரண்டாவதில் பெரும்பாலும் இரண்டும் நிகழாது. வலைக்கம்பிக் கதவையே ராம்ப்பாக இறக்கும் டிரெய்லர்கள் டிராக்டருக்கு ஆகாது. இரண்டு தனிப் பலகைகள், ஒவ்வொன்றும் இடம் வலமாக நகரக்கூடியவை, அவையே வேண்டும். மையத் தூரத்தை அளந்து வைத்தது இதற்காகத்தான். சக்கரக் காப்புகளுக்கு நடுவே 82, 83 அங்குல இடைவெளி வழக்கம். இந்த வகுப்பு டிராக்டருக்கு அது போதும்.

விளக்கு, ஒயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பின் இணைப்பு, எல்இடி விளக்குகள், ஒயர் குழாய்க்குள் ஓடவேண்டும்.

டிரெய்லர் வீட்டுக்கு வந்தபின் ஏற்றும் முறை. பிக்கப்போடு இணைத்து, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தபின்பே டிராக்டரைத் தொட வேண்டும். டிராக்டரின் முழு எடையும் டிரெய்லரின் கடைசி விளிம்பில் நிற்கும் சில நொடிகளில் டிரெய்லர் தன் அச்சில் ஊஞ்சலாடி பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். ஆகவே வாலின் கீழ் இரண்டு தாங்குகால்கள். டிராக்டர் தாழ்ந்த கியரில், நான்கு சக்கர இழுவையில், பக்கெட்டைத் தளத்துக்கு நெருக்கமாகத் தாழ்த்தியபடி, நிறுத்தாமல் மெதுவாக ஏறும்.

எங்கே நிறுத்துவது என்பது கண்மதிப்பு அல்ல. கப்ளருக்கும் இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளிக்கும் 16 அடி என்று கொள்வோம். 5,000 பவுண்டு சுமை ஓரடி முன்னே நகர்ந்தால் முனை எடை 312 பவுண்டு கூடும். காலி டிரெய்லரின் முனை எடை 300. நமக்கு வேண்டியது 924. ஆகவே டிராக்டரின் எடை மையம் அச்சுகளின் நடுவிலிருந்து இரண்டடி முன்னே இருந்தால் 300-உம் 625-உம் சேர்ந்து 925. ஒரு பவுண்டு வித்தியாசம். எடை மையம் எங்கே என்று தெரியாதபோது கேட் எடைமேடை உதவும். பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை எடுத்து, பிறகு எடைப் பகிர்வுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு டிரெய்லரோடு நிறுத்தி பிக்கப்பின் இரு அச்சுகளின் எடையைக் கூட்டினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே முனை எடை. சரியான இடம் கிடைத்ததும் தளத்தின் பலகையில் சக்கரம் நிற்கும் இடத்தை வண்ணக்கோடு போட்டுக் குறித்துவிட்டால் அடுத்த முறை எடைமேடை வேண்டாம்.

கடைசிப் பாகம் சங்கிலி. 70-ஆம் தரச் சங்கிலி பொன்னிறப் பூச்சோடு வரும். கணுக்களில் 7 அல்லது 70 என்ற எண் இருக்கும். 5/16 அங்குலச் சங்கிலியின் வேலைச்சுமை 4,700 பவுண்டு. சரக்கைக் கட்டும் கூட்டரசு விதிகள் ஒழுங்குவிதித் தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 393ஆம் பகுதியில் இருக்கின்றன. கட்டுகளின் மொத்த வேலைச்சுமை சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. தளத்திலிருந்து நேராகச் சரக்குக்குப் போய் அங்கேயே முடியும் கட்டுக்கு அதன் திறனில் பாதிதான் கணக்கு. நான்கு மூலைக்கும் நான்கு சங்கிலி போட்டால் 2,350 வீதம் 9,400 பவுண்டு. விதி கேட்பது 2,500. 10,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரங்களுக்கே நான்கு கட்டு கட்டாயம் என்றாலும், நம் டிராக்டருக்கும் நான்கே முறை. முன் இரண்டும் முன்னோக்கி வெளிப்புறமாக, பின் இரண்டும் பின்னோக்கி வெளிப்புறமாக இழுக்க வேண்டும். அதே விதிகள் முன்னோக்கி 0.8 ஜி, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 ஜி விசையைக் கட்டு தாங்க வேண்டும் என்கின்றன. பிக்கப் அவசரமாக பிரேக் பிடிக்கும்போதுதான் விசை மிகுதி. டிராக்டர் முன்னே பாயாமல் பிடிப்பவை பின் சங்கிலிகள். கொக்கி டிராக்டரின் சட்டத்தில் மாட்ட வேண்டும், ஸ்டீயரிங் கம்பியிலோ ஹைட்ராலிக் குழாயிலோ கூடாது. நெம்பு இறுக்கியை விட ராட்செட் இறுக்கி பாதுகாப்பு. அதன் கைப்பிடி தெறித்து முகத்தில் அடிப்பதில்லை. பக்கெட்டையும் பின்கருவியையும் தளத்தில் தாழ்த்தி அவற்றுக்குத் தனிக் கட்டு போட வேண்டும்.

புதிய டிரெய்லரின் சக்கர நட்டுகளை 10, 25, 50 மைல்களில் நின்று மறுபடி முறுக்க வேண்டும் என்று அச்சு நிறுவனம் சொல்கிறது; அரை அங்குல ஆணிக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு. வணிக வண்டிகளுக்கான கூட்டரசு விதி, புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் சரக்குக் கட்டைச் சோதிக்கச் சொல்கிறது. வீட்டு டிராக்டருக்கும் அதைக் கடைப்பிடித்தால் கடைசி நிறுத்தத்தில் நட்டும் சங்கிலியும் ஒருங்கே பார்க்கப்பட்டுவிடும். அதன் பிறகு எஞ்சுவது 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைப்பது.